பட்டியலில் தேடு

"நீங்கள் பட்டியலில் இல்லை."

புரோகிராமர் அந்த வரியை ஒன்பது முறை படித்தான். பத்தாவது முறை கணினித் திரைக்கு முத்தமே கொடுத்திருப்பான். பக்கத்தில் வரவேற்பு மேஜை அக்கா நின்றிருந்ததால், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டான்.

அது வேலையை விட்டுத் தூக்கப்போகிறவர்களின் பட்டியல். இருபது பேர் இருக்கும் ஆபீசில் எட்டுப் பேருக்கு இன்றோடு சரி.

மேனேஜர் மகா தைரியசாலி. அறைக்குள் பல்லி வந்தால்கூட நேரில் விரட்ட மாட்டார். 'வெளியேறவும்' என்று சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு மறுநாள் லீவு போடுவார். அவர் எங்கே எட்டுப் பேரின் முகத்தைப் பார்த்துச் சொல்லப்போகிறார்? "வெப்சைட்ல ஒரு பக்கம் தயார் பண்ணுப்பா. அவங்கவங்க ஐ.டி. நம்பரைப் போட்டு அவங்களே தெரிஞ்சுக்கட்டும்" என்று நேற்றே இவனிடம் சொல்லிவிட்டார்.

மூன்றே வரி வேலை. நம்பர் பட்டியலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேட வேண்டும். இடம் கிடைத்தால் 'இருக்கிறீர்கள்' என்று சொல்லி, எத்தனையாவது என்றும் காட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் 'இல்லை' என்று சொல்ல வேண்டும். பொய்யாக நாலு நம்பரை எழுதி, நடுவில் இருந்த ஒன்றைத் தேடிப் பார்த்தான். டாண் என்று பதில் வந்தது. அசல் பட்டியலை மேனேஜரே ஒற்றை விரலால் தட்டி ஏற்றினார், இவனைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்துவிட்டு.

காலையிலிருந்து மூக்கு சிந்தும் சத்தத்தில் ஏ.சி. ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றே தெரியவில்லை. டிஷ்யூ பெட்டிகள் நாலும் காலி. கணக்கர் பிரிண்டரிலிருந்து தாளை உருவிக் கண்ணைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

"எனக்கு இடம் ஒண்ணாம் தம்பி" என்றாள் அக்கா. "பள்ளிக்கூடத்துல முப்பத்தெட்டாவது ரேங்கைத் தாண்டினதில்லை. இப்பதான் முதல் ரேங்க் வாங்கியிருக்கேன்."

"ஏங்க்கா நீங்க வேற."

"கணக்கர் ரெண்டு. கேன்டீன்காரர் மூணு. ஏழு வரைக்கும் அழுது முடிச்சாச்சு. எட்டு யாருன்னுதான் தெரியலை."

"வெளியூர் போயிருக்கிற சேல்ஸ் அண்ணனா இருக்கும். அவர் இன்னும் பார்த்திருக்க மாட்டார்."

"சாப்பிட்டு முடிச்ச அப்புறம் பார்க்கட்டும், மனுஷன்." அக்கா வேலைநீக்கக் கடிதக் கவரை வாங்க மேனேஜர் அறைப் பக்கம் போனாள்.

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. சொல்லி வைத்தாற்போல் போன் அடித்தது.

இன்னொரு கம்பெனியில் இவன் இண்டர்வியூ முடித்திருந்தான்; வேலையும் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். இவனைவிடப் பத்து வயது சின்னவன் இவனுக்கு மேலதிகாரி. இன்று மூன்று மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். போன மாதம்தான் மனைவிக்கு வேலை போயிருந்தது. காலையில் செருப்பு மாட்டும்போதே அவள் சொல்லி அனுப்பினாள்: "இங்க தூக்கிட்டா அங்க போயிடுங்க. ரெண்டும் இல்லாம மட்டும் வந்து நிக்காதீங்க."

"என்ன சார், வரீங்களா? அடுத்த ஆள் என் எதிர்லயே உட்கார்ந்திருக்கார்."

"இல்லைங்க" என்றான். பதினோரு வருடத்தில் அவன் குரல் இவ்வளவு கம்பீரமாக வந்ததே இல்லை. "நான் இங்கேயே இருக்கிறதா ஆயிடுச்சு. அவருக்கே கொடுத்துடுங்க."

அந்தப் பக்கம் ஒருவர் தழுதழுத்த குரலில் நன்றி சொல்வதும், பேனா கிறீச்சென்று கையெழுத்துப் போடுவதும்கூடக் கேட்டது. இவன் பெரிய மனதோடு போனை வைத்தான்.

அக்கா ஒரு கட்டு கவரோடு திரும்பி வந்தாள்.

"என்னக்கா, எல்லாத்தையும் நீங்களே தூக்கிட்டு வரீங்க?"

"அவருக்குத் திடீர்னு வயித்து வலியாம். 'நீயே கொடுத்துடும்மா'ன்னு என் கையில திணிச்சிட்டு, பின்வாசல் வழியாப் போயிட்டார். என்னை வேலையை விட்டு அனுப்புற கவரையும் நானே எனக்குக் கொடுத்துக்கணும்." அவள் தன் கவரை நீட்டினாள். "இதைப் பாருங்க. மேல பட்டியல் வரிசைப்படி ரெண்டுன்னு போட்டிருக்கார். வாங்காம வாங்கின முதல் ரேங்க், அதுவும் போச்சு."

புரோகிராமர் நெற்றியில் தட்டிக்கொண்டான். "அது என் தப்புக்கா. கம்ப்யூட்டர் பூஜ்யத்துலேர்ந்துதான் எண்ணும். முதல் ஆள் பூஜ்யம், ரெண்டாவது ஆள் ஒண்ணு. காட்டும்போது ஒண்ணு கூட்டிக் காட்டியிருக்கணும், விட்டுட்டேன்."

"அப்ப முதல் ஆள் பார்த்தா, இடம் பூஜ்யம்னு காட்டுமா?"

"காட்டாது. பூஜ்யம் வந்தா ஒண்ணும் கிடைக்கலைன்னு எடுத்துக்கிட்டு..." நாக்கைக் கடித்துக்கொண்டான். "'நீங்கள் பட்டியலில் இல்லை'ன்னு சொல்லிடும். அடடா, சேல்ஸ் அண்ணன் அதைப் பார்த்துட்டு அங்கே குதிச்சுக்கிட்டு இருப்பாரே. இருங்க, போன் போட்டுச் சொல்லிடறேன்."

அக்கா கட்டின் மேலிருந்த கவரை எடுத்தாள். அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போனை வைங்க தம்பி. முதல் கவர்ல உங்க பேர்தான் இருக்கு."