நீட்டிய கை

"பெரியவருக்குப் பீச்சாங்கையவா நீட்டுற? சோத்துக்கை எதுன்னு தெரியாதா உனக்கு?"

நாகப்பன் பின்னாலிருந்து பாய்ந்து, மகள் ரூபினியின் இடது கையைப் பட்டென்று தட்டிவிட்டான். பள்ளித் திடலில் அவளுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்ற பையன்கள் களுக்கென்று சிரித்தார்கள்.

சாரணர் இயக்கத்தின் மாவட்ட ஆணையர் குகனேஸ்வரன் அப்போதுதான் தூறலுக்குப் பிடித்திருந்த குடையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு வரிசையின் முன்னால் வந்திருந்தார். அவர் கை கொடுப்பதற்குள் இந்தப் பெண் முந்திரிக்கொட்டை மாதிரி நீட்டிவிட்டாள். அதுவும் இடது கையை.

நாகப்பனுக்கு மானம் கப்பலேறிவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவன் அவன். ஒரு வாரமாக ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாரிடமும், "நம்ம ஸ்கூல் பெங்காக்காப்புல மொதப் பொம்பளப் புள்ள என் மகதான்லா" என்று, சாரணர் இயக்கத்தை மலாய்ப் பெயரில் சொல்லி மார்தட்டியிருந்தான். அந்த எல்லாரும் இப்போது திடலைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன்பெல்லாம் இந்தப் பள்ளிச் சாரணர்களை முகாமுக்கு ஏற்றிப்போக ஒரு லோரி போதாது. இப்போது பாதிக் குடும்பங்கள் தோட்டத்தை விட்டுப் போய்விட்டன. இருக்கிற பையன்களும் சீருடை என்றால் ஓடி ஒளிகிறார்கள். பெண் பிள்ளைகளையும் சேர்க்கலாம் என்று தலைமையகம் விதியை மாற்றிய பிறகுதான் ரூபினி வந்து சேர்ந்தாள்.

அதே தலைமையகம் இன்னொரு விதியும் போட்டிருந்தது. பேருக்கு நடக்கிற குழுக்களை மூடிவிட வேண்டும். இந்தக் குழுவை மூடுவதா வேண்டாமா என்று பார்க்கத்தான் ஆணையர் தானா ராத்தாவிலிருந்து வந்திருந்தார். காரை விட்டு இறங்கியதுமே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

"ஆள் கொறைச்சலா இருந்தா பரவால்ல சார். சாரணர் முறை தெரிஞ்ச புள்ள ஒண்ணாவது இருக்கணும். அதுவும் இல்லன்னா இன்னியோட மூடிடலாம்."

அதைக் கேட்டதுமே ஆசிரியர் யோகேந்திரன் பிள்ளைகளை அவசரமாக வரிசையில் நிற்க வைத்தார். சாரணர் பொறுப்பை அவர் கேட்டு வாங்கவில்லை. ஈப்போவுக்கு மாற்றலாகிப் போன ஆசிரியரின் மேசையோடு சேர்ந்து வந்தது அது. புது விதியை மதிக்கிறோம் என்று காட்டத்தான் ரூபினியை வரிசையில் முதலாவதாக நிறுத்தினார். அதுவே வினையாகிவிட்டது.

"மன்னிச்சிருங்க சார்," என்று ஓடி வந்தார். "இது நான் சொல்லிக் குடுத்ததில்ல சார். இவளா ஃபோன்ல என்னத்தையோ பாத்துட்டுக் கயித்துல முடிச்சுப் போடுறா, சல்யூட் அடிக்கிறா..."

"கொஞ்சம் இருங்க சார்," என்று ஆணையர் வாயெடுத்தார்.

"பசங்க அப்படி இல்ல சார். மரியாதை தெரிஞ்சவங்க. டேய், ஐயாவுக்குக் கையக் குடுங்கடா!"

பையன்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வலது கையை நீட்டினார்கள். ஆணையர் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதையும் தொடவில்லை.

"அப்பா, அந்த வீடியோல..." என்று ரூபினி மெல்ல இழுத்தாள்.

"வாயத் தொறந்த, அறைஞ்சிருவேன்." நாகப்பன் ஆணையரைப் பார்த்துக் கும்பிட்டான். "எங்க வளப்பு சரியில்லீங்கய்யா. வீட்டுல சாப்பிடுறப்பகூட அந்தக் கையால எதையும் தொட மாட்டா. இன்னிக்கு இப்படி வந்து தலைய குனிய வச்சிட்டா."

ஆணையர் யாருக்கும் கை கொடுக்காதது யோகேந்திரனுக்குக் கோபமாகவே பட்டது. குழுவை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்ற பதற்றத்தில், ரூபினியின் கழுத்தில் இருந்த சாரணர் ஸ்கார்ஃபை உருவி எடுத்தார்.

"இவள நீக்கிர்றேன் சார். இவ ஒருத்தியால எங்கள மூடிறாதீங்க."

ரூபினி அழவில்லை. நீட்டிய அந்த இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், திருடிய பொருளைப் போல ஒளித்துக்கொண்டாள். அவளைப் பார்க்கக் கூசி, நாகப்பன் தரையைப் பார்த்தான். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

ஆணையர் குடையை நாகப்பனிடம் கொடுத்தார். ஆசிரியரின் கையிலிருந்த ஸ்கார்ஃபை வாங்கி, ஈரத்தை உதறி, ரூபினியின் கழுத்தில் மறுபடியும் போட்டு நேராக இழுத்துவிட்டார்.

பிறகு ஓர் அடி பின்னால் போய் விறைப்பாக நின்று, அவளுக்குக் கை நீட்டினார்.

ரூபினி அப்பாவைப் பார்த்தாள். குனிந்த தலையை அவன் நிமிர்த்தவில்லை. அவள் பயந்து பயந்து வலது கையை நீட்டினாள்.

ஆணையர் இல்லை என்று தலையசைத்தார். அவருடைய இடது கை அவளுக்காக அப்படியே காத்திருந்தது.

"அந்தக் கை இல்லம்மா. சாரணருங்க குலுக்குறது, நீ மொதல்ல நீட்டுனியே, அந்தக் கையாலதான்."