ஒரு பொட்டு மணல்

எங்கள் ஊர் சிலுவைமுனையின் தாது மணலும் சிப்பிப்பாறையும் நாட்டின் சொத்தாம். எங்களை வெளியேற்றிவிட்டு, வீடு, நானூறு வருஷக் கோயில் என்று ஊரையே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பிறந்த ஊரைப் பார்க்க எனக்கு நாலு மணி நேர அனுமதிச் சீட்டு!

திரும்பும்போது வாசலில் இருந்த கருவி கத்தியது. ஒரு பொட்டு மணல்கூட வெளியே போகக்கூடாது என்பது சட்டம். காவலாளி சேலையை உதறச் சொன்னான். மூன்று தடவை காலைக் கழுவச் சொன்னான். கருவி அடங்கவில்லை. திரையைப் பார்த்தவனின் முகம் வெளுத்தது.

"சலேத் அக்கா, மணல் உங்க நெஞ்சுக்குள்ள இருக்கு."

"இருக்கும். பதினாறு வருஷம் இங்க மணல் ஆலையில சலிச்சேன். நெஞ்சு நோய்க்கு நாங்க கேஸ் போட்டப்ப, தூசியே கிடையாதுன்னு ஆலைக்காரன் கோர்ட்டுல சத்தியம் பண்ணினான். இந்த ஊர் மணல்தானா? நல்லாப் பாரு."

"இந்த ஊர் மணல்தான். இதோட உங்களை வெளிய விட முடியாதே!"

"அதை எழுதிக் குடு, தம்பி."

எழுதிக் கொடுத்தான். தாளை மடித்து இடுப்பில் செருகினேன். அங்கே காலையிலேயே முடிந்து வைத்திருந்த வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு, ஊருக்குள் திரும்பி நடந்தேன்.