தலைவர் அழித்த வரி

"என்ர படம் சின்னனாக் கிடக்கு பிள்ளை," என்றார் ஆழ்வாப்பிள்ளை ஐயா.

பெரிதாக்கினேன். லப்ரொப் திரையில் இப்போது அவர் பிள்ளையாரைவிட அரை அங்குலம் உயரம். சந்தோசத்தில் எனக்குப் பிளேன்ரீ ஊற்றச் சொன்னார்.

ஐயா எங்கள் புங்குடுதீவுக் கோயிலின் சபைத் தலைவர். இருபத்தாறு வருடமாக அவரேதான். தெரிவுக் கூட்டம் ஒவ்வொரு வருடமும் நடக்கும். தெரிவுதான் நடப்பதில்லை.

நான் கம்பஸில் கணினி விஞ்ஞானம், இறுதி வருடம். உயர்நிலைத் தரவுத்தளம் என்கிற பாடத்தில் ஏற்கெனவே ஒருமுறை குண்டடித்து, திரும்ப எழுதுகிறவள். இந்தமுறையும் போனால் பட்டம் இன்னொரு வருடம் தள்ளிப்போகும். அப்பா உடனே சாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்.

ஊரில் யாராவது உண்மையாகவே பாவிக்கிற தரவுத்தளம் ஒன்று செய்யவேண்டும். பாவிப்பவரின் கையெழுத்தோடு நாளை நாலு மணிக்குள் கொடுக்கவேண்டும். அதுதான் செயற்றிட்டம்.

நான் செய்தது கோயில் திருவிழாப் பதிவு. எங்கள் கோயிலில் ஒவ்வொரு திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்துக்கு, தகப்பனுக்குப் பிறகு பிள்ளைக்கு. அலுமாரியில் கிடந்த பழைய திருவிழா நோட்டீஸ்களைத் தூசு தட்டி, எந்த வருடம் எந்தத் திருவிழா யாருடையது என்று ஏற்றினேன். மூன்று மாதம் தும்மினேன்.

ஐயாவின் விரல் முதலாவது வரியில் நின்றது.

சப்பறத் திருவிழா. 1953 முதல் 1990 வரை, சிவபாதம் குடும்பம்.

அடுத்த வரி, 1997 முதல் ஆழ்வாப்பிள்ளை குடும்பம்.

"உதென்ன, சிவபாதத்தின்ர பேர் கிடக்கு? அப்பா காலத்திலயிருந்து சப்பறம் எங்கட."

தொண்ணூற்றொன்றில் ஆமி வர, ஊரே இடம்பெயர்ந்தது. சிவபாதத்தின் ஆட்கள் வவுனியாவுக்குப் போனார்கள். முதலில் திரும்பி வந்தது ஐயா. வந்த கையோடு சப்பறத்தில் குந்திவிட்டார்.

போன மாதம் சிவபாதத்தின் மகள் அன்னபூரணம் அக்கா சபைக்கு வந்தார். கண் மூட முதல் ஒருமுறையாவது தகப்பன் பேரில் சப்பறம் இழுபடவேண்டும் என்று எல்லாருக்கும் முன்னால் நின்று அழுதார். ஆதாரம் இருந்தால் கொண்டுவரும் என்று சொல்லி ஐயா அனுப்பிவிட்டார். அடுத்த கிழமையே நோட்டீஸ் முழுவதும் கறையானாம், கொளுத்தியாயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"அழியும் உந்த வரியை," என்றார் ஐயா.

"எனக்கு ஏலாது ஐயா. தலைவருக்கு மட்டும்தான் அந்த உரிமை. உங்கட பேரில உள்ளுக்குப் போகவேணும்."

தலைவருக்கு மட்டும் என்றதும் அந்த முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்கவேண்டும்!

கடவுச்சொல்லை நான் காணாமல் ஒரு கையால் மறைத்தார். மற்றக் கையின் ஒற்றை விரலால், கோழி கொத்துகிற மாதிரிக் கொத்தினார். வட்ஸ்அப்பில் கனடாக்காரருக்குக் காலை வணக்கம் அடித்துப் பழகிய விரல், தமிழ் நன்றாகவே வரும். காரணம் கேட்ட பெட்டிக்குள்ளும் எதையோ கொத்தினார். நான் மரியாதையாக மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிச்சயமாக நீக்கவா என்று திரை கேட்டது. ஓங்கி அழுத்தினார்.

சிவபாதம் குடும்பம் போய்விட்டது.

"இனி ஒருத்தரும் காணாயினம்தானே?"

"இந்தப் பக்கத்தில காணாயினம் ஐயா."

கையெழுத்து வைத்தார். முத்திரை குத்தினார். கெட்டிக்காரப் பிள்ளை என்றார். லண்டனில் ஒரு பொடியன் இருக்கிறானாம், பேசிப் பார்க்கவா என்றும் கேட்டார். பிளேன்ரீ புரைக்கேறிவிட்டது.

பஸ் தரிப்பிடத்தில் இருந்து லப்ரொப்பைத் திறந்தேன்.

நான் படித்த இந்த வகைத் தரவுத்தளத்தில் அழித்தாலும் ஒன்றும் போகாது. அழிந்தது எது, அழித்தவர் யார், எத்தனை மணிக்கு, ஏன் என்று எல்லாம் பின்பக்கத்தில் ஏறிவிடும். அப்படி அழிந்த ஒன்றை மீட்டுக் காட்டினால்தான் முப்பது புள்ளி. நீங்களே அழித்துவிட்டு எனக்கு நாடகம் காட்டவேண்டாம், பாவிக்கிற ஒருவர் தன்பாட்டில் அழித்திருக்கவேண்டும் என்று விரிவுரையாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதலில் சபை உறுப்பினர் ஏழு பேருக்கும் காட்டினேன். ஒருவரும் ஒரு எழுத்தைத் தொடவில்லை, பாவங்கள். பிறகுதான் யோசித்து, கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் கிடந்த சப்பறத்தை மேலே தூக்கிப் போட்டு, எழுத்தையும் தடிப்பாக்கிக்கொண்டு ஐயாவிடம் போனேன்.

இரண்டு பிரதி எடுக்கவேண்டும். ஒன்று விரிவுரையாளருக்கு. மற்றது அன்னபூரணம் அக்காவுக்கு.

நீக்கப்பட்டது: சப்பறத் திருவிழா, 1953–1990, சிவபாதம் குடும்பம்.

நீக்கியவர்: ஆழ்வாப்பிள்ளை, தலைவர்.

நேரம்: மு.ப. 11.42.

காரணம்: அன்னபூரணம் கண்டால் திருப்பிக் கேட்பாள்.