ஐந்தாம் காம்பிராவின் தகரம்

செய்மதிப் படங்களிலிருந்து கட்டடங்களை எண்ணும் கணினி, பன்னிரண்டு காம்பிராக்களில் பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கும் தேயிலைத் தோட்ட லயத்தை ஒரே கூரை என்பதால் ஒரு கட்டடம் என்றே எண்ணும். அதைத் திருத்துவது என் வேலை.

டயகமவின் மேல்பிரிவு லயத்தில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் மண்சரிவு அதை ஆட்களோடு மூடிவிட்டது. அன்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த இசபெல் அக்கா மட்டும்தான் மிஞ்சினார். ஆனால் போன மாதப் படத்தில் லயம் இருந்தது.

"கட்டடம் இருக்கே, அப்புறம் எதுக்குப் புது வீடு?" என்றார், அக்காவின் வீட்டு விண்ணப்பத்தைப் பார்த்த எங்கள் அதிகாரி. பழைய படம் என்றேன். திகதியைக் காட்டினார்.

பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்த அக்காவை அழைத்துவந்து திரையைக் காட்டினேன்.

"அடப் பாவிகளா! இருபது வருஷமா கூரைத் தகரத்த மாத்துங்கன்னு தோட்டத்துத் தொரைகிட்ட கத்துனோம். இப்ப மாத்திக் குடுத்திருக்கானுங்க பாரு!"

பதினொரு காம்பிராக்களின் மேல் புதுத் தகரம் மின்னியது. ஐந்தாவதில் மட்டும் துரு. அது அக்காவுடையது.

இருவரும் மலையேறிப் பார்த்தோம். மண்ணும் மானாப்புல்லும்தான். 'கட்டடம் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி கையெழுத்துப் போட மறுத்தார். எட்டு வருடச் சேவையில் முதல்முறையாக அலுவலகத்தில் கத்தினேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், படத்தை அல்ல.

இந்த மாதப் படம் இன்று வந்தது. ஐந்தாம் காம்பிராவின் தகரத்தைக் கழற்றியிருந்தார்கள். பக்கத்தில் புதுத் தகரம் அடுக்கியிருந்தது.

மறுபடி வரவழைத்த அக்கா திரையை வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"ஒங்க ஆபீஸ் ஐயாகிட்ட சொல்லு தங்கச்சி," என்றார். "எனக்கும் வீடு ரெடியாகுதாம்."