வட்டியில்லாத வீடு

"வட்டிக்கு வாங்குற வீட்டுல நான் கால் வைக்க மாட்டேன் மச்சான்"னு ஹசீனா கல்யாணமான புதுசுலயே இல்யாஸ்கிட்ட சொல்லிட்டா. அதனால பன்னெண்டு வருஷமா பிளாக்டவுன்ல வாடகை வீடுதான்.

இப்பதான் ஒரு இஸ்லாமிய ஃபைனான்ஸ் கம்பெனி வந்துச்சு. வீட்டை அவங்களே வாங்கி, லாபம் வெச்சு தவணையில நமக்கு விப்பாங்க. வட்டியே கிடையாது. இல்யாஸ் ஓடிப்போய் அப்ளை பண்ணான்.

இன்னிக்கு அங்கேர்ந்து ரிஸ்வான் போன் பண்ணாரு.

"மன்னிச்சுக்குங்க பாய். எல்லாம் ஓகே. உங்க சம்பளம் வர்ற இடம்தான் எங்க விதிக்கு ஒத்து வரல."

"நான் என்ன சாராயக் கடையா நடத்துறேன்?"

"ரெண்டுக்கும் எங்க ஷரியா போர்டு ஒரே பதில்தான் சொல்லும் பாய்."

"சரி"ன்னான் இல்யாஸ். கோவம்கூட வரல. போனை வெச்சுட்டு, வெளிய காத்திருந்த ஜோடியை உள்ள கூப்பிட்டான்.

"கங்கிராட்ஸ்! எங்க பேங்க் உங்க வீட்டுக்கடனை அப்ரூவ் பண்ணிடுச்சு. வட்டி வெறும் ஆறு பர்சன்ட்தான்."