பாக்கியவதியின் தாள்கள்

எம். புதுப்பட்டி பட்டாசு ஆலையில் வெடிமருந்துப் பொடி கலக்கும் ஊர்க்காவலன் என்பவருக்கு விடாத இருமல். நர்ஸ் பாக்கியவதி, டூட்டி முடித்த அலுப்போடு பிரௌசிங் சென்டருக்குப் போய், காசு கேட்காத நம்பகமான மருத்துவத் தளத்தைத் தேடி, அச்செடுத்து வந்து, ஆங்கிலத் தாளைக் கையில் கொடுத்துத் தமிழில் சொன்னார்.

"பொடியை விட்டு விலகணுமாம் அண்ணே."

மறுவாரம் ஊர்க்காவலன் வந்தார். "வேற தாள் இருக்கா சிஸ்டர்? இன்னும் விவரமா, பக்கம் கூடுதலா?"

பாக்கியவதி கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த வாரமும் அவர் கேட்டார். ஆறாவது வாரம் பாக்கியவதிக்குக் கால் ஓய்ந்துவிட்டது.

"எம்புட்டுப் படிச்சாலும் நீங்க அந்த வேலையை விடப்போறதில்ல."

"அதை அன்னைக்கே விட்டுட்டேனே சிஸ்டர். இருமலும் குறைஞ்சிருச்சு. இப்ப வீட்டுல உக்காந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுத்துறேன். உங்க தாளு நல்ல கெட்டி, சுத்துனாப் பிரிய மாட்டேங்குது."