சத்தமாகப் படிக்கப்பட்ட பெயர்

ஆவணக் காப்பகத்தின் படிப்பறையில், ஊழியர் டோரீன் இரண்டாவது காகிதக் கோப்பைத் தள்ளுவண்டியிலேயே விட்டுவிட்டு, முதல் கோப்பை மட்டும் எடுத்து வந்து ஆறாம் மேசையில் வைத்தாள்.

மேசையில் இருந்தவருக்கு எழுபத்தெட்டு வயது இருக்கும். நாற்பது வருஷம் வீடு வீடாகப் போய், குளிர்காயும் கணப்புக்கு எண்ணெய் ஊற்றியவராம். வந்ததும் அவரே சொன்னார். வருகைப் பதிவேட்டில் 'ஆர். கிம்பல்' என்று எழுதியிருந்தார்.

தாளைத் தொடுவதற்கு முன் கைகளைக் கால்சட்டையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டார்.

கோப்பில் இரண்டே தாள்கள். ஒன்று, அமெரிக்க விடுதலைப் போர்க்காலத்துப் படைச் சம்பளப் பட்டியல். அதில் ஈபன் கிம்பல் என்ற பெயருக்கு நேரே, 'அம்மையில் இறந்தான், டிசம்பர் 1777.'

மற்றது ஒரு ரசீது. இறந்தவனின் பாக்கிச் சம்பளம் ஒன்பது பவுண்டு நான்கு ஷில்லிங்கை அவன் மனைவி ஜெருஷா வாங்கிக்கொண்டு, எழுதத் தெரியாததால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாள்.

வருஷத்துக்கு இரண்டு மூன்று கிம்பல்கள் இந்தத் தாள்களைப் பார்க்க வருவார்கள். எல்லோரும் கோல்டர்ஸ் மில் ஊர்க்காரர்கள், ஜெருஷா வழி வந்தவர்கள். படம் எடுத்துக்கொள்வார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

போன கோடையில் ஊர் நடுவே ஈபனுக்கு ஒரு நினைவுக்கல்லும் நட்டார்கள். 'நாட்டுக்காக உயிர் நீத்தவர்' என்று அதில் பொறிக்கலாமா என்று கேட்டபோது, தாராளமாகப் பொறிக்கலாம் என்று காப்பகத்தின் சார்பில் கடிதம் எழுதியவள் டோரீன்தான்.

மூன்று நாளைக்கு முன்னால், மாவும் குதிரைத் தீவனமும் வாங்கிய ரசீதுகளைப் பிரித்து அடுக்கும்போது, நடுவில் ஒரு சம்பளச் சீட்டு வந்தது. எந்தக் காலத்தில் யார் மாற்றி வைத்தார்களோ.

1782. வேறொரு படைப்பிரிவு. மூன்று மாதச் சம்பளம். எழுத்தர் ஓரத்தில் குறித்திருந்தார்: 'கோல்டர்ஸ் மில் ஈபன் கிம்பல். முன்பு இறந்ததாகப் பதிவானது பிழை. ஆள் உயிருடன் நேரில் வந்து பெற்றுக்கொண்டார்.'

கீழே அவன் கையெழுத்து.

ஆக, அவன் சாகவில்லை. ஊருக்கும் திரும்பவில்லை. ஜெருஷா மட்டும் கடைசிவரை விதவையாக இருந்து செத்தாள்.

இதை இந்த மனுஷரிடம் எப்படிச் சொல்வது?

அவரோ அழவில்லை, படமும் எடுக்கவில்லை. ஜெருஷாவின் குறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

"இவ்வளவுதானாம்மா?"

டோரீன் அவர் எழுதிக் கொடுத்த கோரிக்கைச் சீட்டைப் பார்த்தாள். 'ஈபன் கிம்பல், சம்பளக் காகிதங்கள், எல்லாம்.' அந்த 'எல்லாம்' என்ற சொல்லுக்கு அடியில் பென்சிலால் அழுத்திக் கோடு போட்டிருந்தார்.

"இன்னொண்ணு இருக்கு சார். பார்த்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"நாலு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன். கொண்டாம்மா, பார்த்துக்கலாம்."

தள்ளுவண்டியிலிருந்த இரண்டாவது கோப்பைக் கொண்டுவந்து, அந்தச் சம்பளச் சீட்டை எடுத்து வைத்தாள்.

அவர் ஓரக்குறிப்பை உதடு அசையப் படித்தார். மறுபடி படித்தார். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு நகலை எடுத்துக் கையெழுத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டிலும் ஒரே கை. முதல் எழுத்து இடப்பக்கம் சாய்ந்து, கடைசி எழுத்தின் வால் பெயருக்கு அடியிலேயே திரும்பி ஓடியது.

அவர் தோள்கள் குலுங்கின.

டோரீன் முதலில் தாளைத் தள்ளி வைத்தாள், கண்ணீர் பட்டுவிடக் கூடாது. பிறகுதான் கைக்குட்டைத் தாளை நீட்டினாள்.

"வருத்தப்படாதீங்க சார். ஊர்ல வச்ச கல்லை எடுக்கணும்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

"எந்தக் கல்லு?" என்றார் அவர்.

டோரீனுக்குப் புரியவில்லை.

"நான் கோல்டர்ஸ் மில் இல்லம்மா. வடக்கே, மெய்ன் மாநிலம். இவரு அங்கதான் வந்து காடு திருத்தி, கல்யாணம் பண்ணி, எட்டுப் பிள்ளை பெத்தாரு."

கையிலிருந்த நகலைக் காட்டினார். 1832-இல், கிழவரான ஈபன் படைவீரர் ஓய்வூதியம் கேட்டுப் போட்ட மனு. அது திரும்பி வந்துவிட்டது. ஈபன் கிம்பல் அம்மையில் இறந்தவர், மனுதாரர் செத்தவன் பெயரைத் திருடிய மோசக்காரர் என்று பதில்.

"அன்னைலேர்ந்து எங்களுக்கு ஊர்ல பேர்த்திருடன் வீடுன்னுதான் பேரு. பள்ளிக்கூடத்துல என்னையும் அப்படித்தான் கூப்பிட்டானுங்க."

டோரீன் ரசீதிலிருந்த பெருக்கல் குறியைக் காட்டினாள். "ஆனா சார், ஜெருஷா..."

"தெரியுதும்மா. பொண்டாட்டிய விட்டுட்டு ஓடினவருதான். அது பாவம்தான், இல்லேங்கல." மூக்கைச் சிந்திக்கொண்டார். "ஆனா திருடன் இல்ல. சொந்தப் பேருதானே."

நகல் வேண்டும் என்றார். டோரீன் படிவத்தைக் கொடுத்து, முழுப்பெயர் எழுத வேண்டும் என்றாள்.

அவர் பென்சிலை வாங்கிக்கொண்டு நிதானமாக எழுதினார். எழுதி முடித்ததும் படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"எங்க வீட்டுல தலைச்சன் பிள்ளைக்கெல்லாம் இதான் பேரு. வெளியில யாரும் சொல்லிக்கிட்டதில்ல. நீ ஒரு தரம் படிம்மா, நான் கேக்கறேன்."

அந்த அறையில் சத்தமாகப் பேசக் கூடாது.

"ஈபன் ரஸ்ஸல் கிம்பல்" என்று டோரீன் சத்தமாகவே படித்தாள்.